பரசுராமனும் ரெண்டு குவார்ட்டரும்

வா கண்ணு, வா. காலைப் பார்த்து வை. மாட்டுச்சாளைகிட்ட நேத்துப் பெஞ்ச மழைத்தண்ணி இன்னும் வடியாம நிக்குது. அந்தக் கயித்துக் கட்டில்ல உக்காராதே, தொங்கிப்போச்சு. உக்காந்தா தூக்கிவிட ரெண்டு ஆளு வேணும். திண்ணைலயே உக்காரு. உன்ற அம்மிச்சி முறுக்குச் சுடறா. அதுக்குள்ள அந்தப் பொஸ்தகத்துல என்னமோ படிச்சிட்டிருந்தயே, அதை எனக்குக் கேக்கற மாதிரி இன்னொருக்காப் படி.

"ரேடியல் இஞ்சினில் இன்டேக் டிரைன் அமைப்பைப் பராமரித்தல்."

அடேங்கப்பா! ஏரோப்ளேன் மெக்கானிக் படிப்புக்குன்னு தென்னந்தோப்பு காசை மூணு வருசம் கட்டி உன்னை வடக்க தாட்டிவிட்டது இதுக்குத்தானா? டிரைன்னா என்ன? வடிகால். வடிகாலைப் பராமரிக்கறதுன்னா தூர் வாரறது. கொழிஞ்சாம்பாறையிலேயே நான் ஓசில சொல்லிக் குடுத்திருப்பேனே! இதுல ஒரு வித்தியாசம்தான். நாங்க தூர் வாரினா சேத்தோட வருவோம். நீங்க தூர் வாரினா சர்ட்டிபிகேட்டோட வருவீங்க.

கோவிச்சுக்காதே. சொல்லு, அந்த இஞ்சின் எப்படி இருக்கும்? சூரியகாந்திப் பூவாட்டம் சிலிண்டரெல்லாம் வட்டமா சுத்தி நிக்குமா? நல்லா இருக்குதே. ஒரு வட்டத்துல ஏழு, ஒம்பதுன்னு ஒத்தப்படையில இருக்குமா? சரி. மேல இருக்கற சிலிண்டர் நிமுந்து நிக்குது, பக்கத்துல இருக்கறது படுத்துட்டிருக்குது. கீழ இருக்கறது? அது வௌவாலாட்டம் தலைகீழாத் தொங்குது. அதோட தலை பூமியப் பார்த்து, பிஸ்டன் அதுக்கு மேல. அப்படித்தானே?

இனி நீ படிக்கவே வேண்டாம். எண்ணெயக் குடிக்கற இஞ்சினைத் தலைகீழாத் தொங்கவிட்டா ராத்திரில என்ன ஆகும்னு இந்த ஊர்ல பனை ஏறறவனக் கேட்டாலே சொல்லிப்போடுவான். பாளையில கட்டின முட்டில சொட்டுச் சொட்டா விடிய விடியக் கள்ளு எறங்கற மாதிரி, இஞ்சினுக்குள்ள மிச்சமிருக்கற எண்ணெய், பிஸ்டனைச் சுத்தியிருக்கற ரிங்கு இடுக்கு வழியாக் கசிஞ்சு கீழ் சிலிண்டரோட தலையில வந்து சேரும். அங்க வால்வு தொறந்திருந்தா பெட்ரோலும் காத்தும் கலந்து வர்ற இன்டேக் குழாய்க்குள்ளயும் போயிரும். அந்தக் குழாயோட அடி வளைவு இருக்குதே, நம்ம சாளைப் பள்ளமாட்டம், வந்ததையெல்லாம் வாங்கி வெச்சுக்கும். இதுல ஸ்டார்ட் பண்ற அவசரத்துல பிரைமர்ல பெட்ரோலைக் கணக்கில்லாம அடிச்சா அதுவும் அங்கதான் போய்ப் படுத்துக்கும். பள்ளத்துக்கு எண்ணெயும் ஒண்ணுதான், பெட்ரோலும் ஒண்ணுதான்.

இப்ப ஒரு கணக்குப் போடு. டக்கோட்டா பிளேன்ல இருக்கற இஞ்சினுக்கு ஏழு ஏழா ரெண்டு அடுக்கு, 14 சிலிண்டர், மொத்தம் 30 லிட்டர்னு சொன்னயல்ல? ஒரு சிலிண்டருக்கு ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல. அழுத்த விகிதம் 6.7க்கு 1. அப்படீன்னா பிஸ்டன் முழுசா ஏறி நிக்கும்போது மிச்சமிருக்கற எடம் எவ்வளவு? பொஸ்தகத்தைப் பார்க்காதே, விரல்ல போடு. சுமார் 375 மில்லி. அட கண்ணு, ரெண்டு குவார்ட்டர்! 1,200 குதிரை இழுக்கற இஞ்சினைக் குப்புறத் தள்ள ரெண்டு குவார்ட்டர் பத்தும். நம்ம ஊர்ல அதுக்கு மேலயும் அடிச்சுட்டு, சைக்கிள்ல வேலந்தாவளம் செக்போஸ்ட்டத் தாண்டிப் போறவனுக இருக்கானுக. மனுசனாச்சே, வளைஞ்சு குடுப்பான். எண்ணெய் வளைஞ்சு குடுக்காது. காத்தை அழுத்தினா சுருங்கும். எண்ணெயை அழுத்தினா சுருங்காது. பிஸ்டன் தலையப் பார்த்து வருது, எண்ணெய் வழி விட மாட்டேங்குது. நடுவுல இருக்கற கனெக்டிங் ராடுதான் வளையும். இல்லைன்னா சிலிண்டர் தலை பிச்சுட்டுப் போகும்.

எனக்கெப்படித் தெரியும்னு பார்க்கறயா? காசு குடுத்துப் படிச்சேன் கண்ணு. உனக்கு மூணு வருசம் ஆச்சு, எனக்கு மூணு நிமிசம்தான் ஆச்சு.

உன்ற அம்மா சின்னப் புள்ளையா இருந்தப்ப, கெணத்து மேட்டுல நம்மளுக்கு ஒரு டீசல் இஞ்சின். ஒத்தை சிலிண்டர், ரெண்டு சக்கரம், கைப்பிடி போட்டுச் சுத்தறது. ஒரு மழைக்காலத்துல கெணறு நெரம்பி மேட்டுக்கு வந்துருச்சு. இஞ்சின் ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கெடந்துச்சு. தண்ணி வடிஞ்சதும் நான் என்ன பண்ணேன்? எண்ணெய் மாத்தினேன், துடைச்சேன், சூடம் காட்டினேன். எல்லாம் பண்ணேன், சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்குமேன்னு மட்டும் நெனைக்கலை. லீவரைத் தூக்கி வெச்சு, ரெண்டு பேரு கைப்பிடியப் புடிச்சு நல்லா வேகமாச் சுத்தினோம். லீவர் தூக்கியிருக்கறப்ப வால்வு தொறந்திருக்கும், சுத்தறது சொகமாத்தான் இருந்துச்சு. "விடுங்கடா லீவரை!"ன்னு கத்தினேன். விட்டானுக. டொப்புன்னு ஒரு சத்தம். சக்கரம் நின்ன வேகத்துல கைப்பிடி கெணத்துக்குள்ள போய் விழுந்துச்சு. உள்ள ராடு அருவாளாட்டம் வளைஞ்சு கெடந்துச்சு. அந்த வருசம் நெல்லு வித்த காசு ராடுக்கும் பிஸ்டனுக்கும் போச்சு. உன்ற அம்மிச்சி இன்னைக்கும் அருவாளை எடுத்தா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பா, கவனிச்சிருக்கயா?

அதனால இஞ்சினைக் கெடுக்கறதுல நான் பட்டம் வாங்கினவன். சீக்கிரமாக் கெடுக்கற வழியெல்லாம் சொல்றேன், காதுல வாங்கிக்கோ.

மொத வழி, அவசரம். ராத்திரி பூரா நின்ன பிளேன்கிட்டப் போய், வணக்கம் சொல்லாம ஏறி ஸ்டார்ட்டரை அமுக்கு. விசிறியக் கையால இழுத்துச் சுத்திப் பார்க்கறதெல்லாம் வேலையத்தவன் பண்றது. உன்ற பொஸ்தகம் என்ன சொல்லுது? மேக்னெட்டோ சுச்சை அணைச்சுட்டு, அணைச்சிருந்தாலும் உசுரோட இருக்குதுன்னே நெனைச்சு ஒதுங்கி நின்னு, விசிறிய ஓடற திசையில ஒவ்வொரு இலையா இழுத்துச் சுத்தணுமாமே. டக்கோட்டா இஞ்சின்ல கிராங்க் 16 சுத்து சுத்தினா விசிறி 9 சுத்துதான் சுத்தும். விசிறிக்கு மூணு இலை. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா எல்லா சிலிண்டரும் ஒரு தடவ அழுத்தம் பார்த்துரும். அப்படிப் பார்த்தா நாலு இலை கடந்தாலே 14 சிலிண்டரையும் விசாரிச்சாச்சு. ஆனா எண்ணெய் நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி, நிதானமாத்தான் எந்திரிக்கும். அதனாலதான் கையேடு அதுக்கு மேலயும் இழுக்கச் சொல்லுது. கைக்குத் தெரியும் கண்ணு. மாட்டு மடியத் தொட்டதும் பால் இருக்குதா இல்லையான்னு கைக்குத் தெரியற மாதிரி, எங்க கல்லாட்டம் நிக்குதுன்னு விசிறி சொல்லிப்போடும். ஸ்டார்ட்டருக்கு அந்த ஞானம் கெடையாது. அதுக்கு பலம் மட்டும்தான் இருக்குது.

ரெண்டாவது வழிதான் நொம்ப நேர்த்தியானது. விசிறி நின்னுபோச்சா? பின்னாடி திருப்பு! திருப்பினதும் லேசாப் போகும். "ஆஹா, சரியாயிருச்சு"ன்னு கையத் தட்டிட்டு ஏறிக்கலாம். என்ன சரியாச்சு? ஊட்டுக் குப்பைய பக்கத்து வளவுக்குத் தள்ளிவிட்ட மாதிரி, சிலிண்டர்ல இருந்த எண்ணெயைத் தொறந்த இன்டேக் வால்வு வழியா இன்டேக் குழாய்க்குள்ள தள்ளிவிட்ட. அது அங்க சத்தமில்லாமக் காத்திருக்கும். இஞ்சின் கிளம்பின ஒடனே, "நீதானே என்னை வெளிய அனுப்பினே, இந்தா வந்துட்டேன்"னு ஒரே மூச்சுல உள்ள வரும். இப்ப கையால சுத்தின வேகமில்லை, இஞ்சின் சுத்தற வேகம். ராடு போறது நிச்சயம். சில நேரம் அன்னைக்கே போகாது. கொஞ்சம் மட்டும் வளைஞ்சு, வேறொரு நாள் வானத்துல வெச்சு ஒடையும். கடனை வாங்கினவனை விட்டுட்டு ஜாமீன் போட்டவனைப் புடிக்கற மாதிரி.

சரியான வழி என்ன? விசிறி நின்னா நீயும் நில்லு. கீழ் சிலிண்டர்ல ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டு, பாத்திரத்த வெச்சு வடிய விடு. அதோட விடாதே. இன்டேக் குழாயோட அடியில இருக்கற டிரைனையும் தொற. பிளக்கைக் கழட்டினவன் நொம்பப் பேரு. குழாயத் தொறந்தவன் கொஞ்சப் பேரு. அந்தக் கொஞ்சப் பேரோட இஞ்சின்தான் கெழவனாகி நிக்கும். ரஷ்யாக்காரங்க எம்-14பி-ன்னு ஒரு இஞ்சின் பண்ணாங்கன்னு சொன்னயே, ஒம்பது சிலிண்டர், 360 குதிரை, யாக்-52ல இருக்கறது. அதுல பறக்கறவங்க கீழ்க் குழாய்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு டிரைன் லைனும் வால்வும் வெச்சுக்கறாங்களாமே. புத்திசாலிங்க. நம்ம வயக்காட்டு மடையத்தான் அங்க கொண்டு போய் வெச்சிருக்காங்க.

மூணாவது வழி, மறதி. டிரைனைத் தொறந்து வடிச்சாச்சு, பெருமையாப் போட்டோவும் எடுத்தாச்சு. மூட மறந்துரு! மடையத் தொறந்துட்டு ஊட்டுக்குப் போய்த் தூங்கினவன் வெள்ளாமை என்னாகும்? இஞ்சின் மெதுவா ஓடறப்ப தொறந்த டிரைன் வழியா வேண்டாத காத்து உள்ள இழுக்கும். அந்த சிலிண்டர்ல பெட்ரோல் பத்தாம, காத்து அதிகமாகி, திக்கித் திணறி, சூடேறும். மேல கிளம்பறப்ப அதே வழி தலைகீழா மாறும். சூப்பர்சார்ஜர் உள்ள அழுத்தத்த ஏத்தறதால பெட்ரோல் கலவை வெளிய பீச்சும். பக்கத்துலயே பழுத்த எக்ஸாஸ்ட் குழாய். இதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால தொறக்கறப்பவே சிவப்புத் துணி ஒண்ணைக் கட்டிரு. மூடினவன் கைதான் துணிய அவுக்கணும். மூடித் திருகினதும் பாதுகாப்புக் கம்பிய முறுக்கிப் போடு. பெரிய இஞ்சின்கள்ல சூப்பர்சார்ஜர் அடியில, நிக்கறப்ப தானாத் தொறந்து ஓடறப்ப தானா மூடிக்கற வால்வு வெச்சிருப்பாங்க. "தானா" அப்படீங்கற வார்த்தைய நம்பாதே கண்ணு. நம்ம ஊட்டுத் தண்ணித் தொட்டில தானா மூடற மிதவை வால்வு வெச்சுத்தான் இருக்குது. வாரத்துக்கு ஒருக்கா மாடி ஒழுகுது. பிசின் ஏறும், தூசி சேரும், உக்காரற எடம் தேயும். கழட்டித் துடைச்சு, மூடறதும் தொறக்கறதும் கண்ணாலப் பார்த்துட்டு மாட்டு.

நாலாவது வழில உனக்கு வேலையே இல்லை, பூச்சி பார்த்துக்கும். பிளேனை நாலு மாசம் கொட்டகையில நிறுத்தி வை, டிரைன் வாயை மூடாதே. குளவி வந்து மண்ணைக் குழைச்சு அழகா ஊடு கட்டும். டக்கோட்டா இஞ்சினுக்குப் பேரு என்னன்ன? ட்வின் வாஸ்ப். அப்படீன்னா? இரட்டைக் குளவி! பிராட் அண்ட் விட்னி கம்பெனிக்காரங்க 1925ல மொத இஞ்சின் பண்ணப்பவே குளவின்னுதான் பேரு வெச்சாங்களாமே. பேரு வெச்சாச்சு, ஒறம்பரை வராம இருக்குமா? குளவிக்குள்ள குளவி குடியேறினா வடிகால் அடைச்சுப்போகும், எண்ணெய் உள்ளயே நிக்கும். நிறுத்தற அன்னைக்கே ஒரு மூடியப் போட்டு, கண்ணுல படற மாதிரி ஒரு கொடியக் கட்டிரு.

உன்ற பொஸ்தகத்துல இல்லாத ஒண்ணு சொல்லட்டுமா? வடிஞ்சதைக் கொட்டிராதே. அள. ஒரு நோட்டுல தேதி போட்டு எழுது. வழக்கமா ஒரு தம்ளர் வர்ற எடத்துல திடீர்னு ஒரு சொம்பு வந்துச்சுன்னா, டிரைன் நல்லா வேலை செய்யுதுன்னு சிரிக்கக் கூடாது. எண்ணெய்த் தொட்டிக்கும் இஞ்சினுக்கும் நடுவுல இருக்கற செக் வால்வு ஒழுகுதா, ரிங்கு தேஞ்சுதான்னு தேடணும். வடிச்ச எண்ணெயை வெயில்ல புடிச்சுப் பாரு. மினுமினுன்னா அது ஜரிகை இல்லை, உள்ள எதுவோ அரைபடுது. சாணியப் பார்த்தே மாட்டு வயித்தைச் சொல்றவன்தான் வைத்தியன்.

சிரிக்கறயா? இந்தச் சமாச்சாரம் நம்ம பக்கத்துக்குப் புதுசில்லை. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, கடலே இல்லாத கோயமுத்தூர்ல வெள்ளைக்காரன் கப்பற்படைக்கு பிளேன் ரிப்பேர் பட்டறை போட்டான். தரையில இருந்தாலும் அதுக்குக் கப்பல் மாதிரியே பேரு வெச்சான்: எச்.எம்.எஸ். கருடா. சூலூருக்கு எச்.எம்.எஸ். வைரி. கோர்சேர்ங்கற சண்டை பிளேனெல்லாம் அங்க வந்துச்சு. மூக்குல 18 சிலிண்டர் டபுள் வாஸ்ப். எங்கப்பன் மாட்டு வண்டில தேங்கா ஏத்திட்டு வாளையாறு தாண்டிப் போறப்ப, மேல போற சத்தத்துல மாடு மிரளும்னு சொல்லுவாரு. கருடனும் வைரியும் நம்ம பாலக்காட்டுக் கணவாய்க்கு மேல பறந்தப்ப, கீழ எவனோ ஒருத்தன் கையில கரியோட எண்ணெயை வடிச்சிட்டிருந்திருப்பான். அவன் பேரை எந்தக் கல்லுலயும் வெட்டி வெக்கலை.

அப்பறம் நம்ம பரசுராமன். 1947 அக்டோபர் 27ஆம் தேதி, காஷ்மீருக்குப் பட்டாளத்த ஏத்திட்டு ஸ்ரீநகர்ல எறங்கினது டக்கோட்டா பிளேனுக. அதோட நெனப்புக்கு வி.பி. 905ங்கற எண்ணைப் போட்டு, ஒரு பழைய டக்கோட்டாவைச் சீமையில புதுப்பிச்சு, 2018 ஏப்ரல்ல அங்கிருந்து பறக்க வெச்சே கொண்டு வந்தாங்க. ராஜீவ் சந்திரசேகர்ங்கறவரு வாங்கிக் குடுத்தது. அவங்கப்பா விமானப்படையில டக்கோட்டா ஓட்டினவரு. மே 4ஆம் தேதி ஹிண்டன்ல விமானப்படைக்கிட்ட ஒப்படைச்சாங்க. அதுக்கு வெச்ச பேரு பரசுராமா. எவ்வளவு பொருத்தம் பாரு! மழுவ வீசிக் கடலையே வடிச்சு கேரளாவை எடுத்தவரு பரசுராமன்னு இங்க கதை சொல்லுவாங்க. கடலை வடிச்சவர் பேரு வெச்ச பிளேனுக்கும், காலையில ரெண்டு குவார்ட்டர் எண்ணெய் தேங்கிருச்சான்னு ஒரு பையன் விசிறியப் புடிச்சு இழுத்துப் பார்த்துத்தான் ஆகணும். சாமி பேரு வெச்சா மட்டும் எண்ணெய் மேல ஏறிருமா?

வடிகால்னதும் இன்னொண்ணு: அதே 2018லதான் நம்ம இடுக்கில வெள்ளம் வந்துச்சு. உன்ற சின்னத் தாத்தா, என்ற சகலை, அங்க தேயிலைத் தோட்டத்துல கங்காணியா இருந்தவரு. மழைக்கு முந்திக் கான் வெட்டி விடாத மலை, மழைக்குப் பிந்தி ரோட்டுல கெடக்கும்னு சொல்லிட்டே இருப்பாரு. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவுல வளைச்சுக் கட்டின இடுக்கி அணை, கிட்டத்தட்ட 169 மீட்டர் ஒசரம். பார்க்க வர்றவங்க எல்லாம் அதைத்தான் போட்டோ எடுப்பாங்க. அந்த அணைக்கு ஒரு ஷட்டர்கூடக் கெடையாது தெரியுமா? தண்ணி வடியற வழி பக்கத்துல இருக்கற செறுதோணி அணையிலதான். 1992க்கு அப்பறம் 26 வருசம் அந்த ஷட்டரைத் தொறக்க வேண்டிய தேவையே வரலை. 2018 ஆகஸ்ட் 9ஆம் தேதி தொறந்தாங்க. மொதல்ல ஒரே ஷட்டர், அரை மீட்டர். மறுநாள் அஞ்சும். அந்த வெள்ளத்துல போன உசுருகளை நெனைச்சா எனக்கு நையாண்டி வராது கண்ணு. ஆனா ஒண்ணு மட்டும் யோசி. 26 வருசம் சும்மா நின்ன ஷட்டருக்கு எவனோ கிரீஸ் தடவிட்டே இருந்திருக்கான். அதனாலதான் வேணுங்கற அன்னைக்கு அது மேல எந்திரிச்சுது.

இதுதான் கண்ணு நான் சொல்ல வந்தது. மேல நிக்கற சிலிண்டரை எல்லாரும் பார்ப்பாங்க; கெடறது கீழ தொங்கறதுதான். தேங்கினதை பலத்தால தள்ளினா அது வேறெங்கயோ போய் ஒளிஞ்சுக்கும். வழிய விட்டாத்தான் வெளிய போகும். விட்ட வழிய மூடவும் தெரியணும். இதை இஞ்சினுக்குத்தான் சொல்றேன். கலியாணமான பொறவு வேற எதுக்காச்சும் ஒத்து வந்துச்சுன்னா, அது உன்ற அதிர்ஷ்டம்.

என்ன, பரீட்சைல இதையெல்லாம் எழுதலாமான்னு கேக்கறயா? எழுது. ரெண்டு குவார்ட்டர்னு மட்டும் எழுதிராதே, 375 மில்லின்னு எழுது. வாத்தியாரு மனசுக்குள்ள மாத்திக்குவாரு.

முறுக்கு வந்தாச்சு. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ, மிச்சம் வேலை முடிச்சுட்டுத் திங்கலாம். என்ன வேலையா? நான் என்ன ஒண்ணரை மணி நேரமாச் சும்மாவா பேசிட்டிருக்கேன்? சாளைகிட்ட நிக்கற தண்ணில கன்னுக்குட்டி காலு நேத்துல இருந்து ஊறுது. படிச்ச பையன், வடிகால் பராமரிப்புல இனி உன்னை மிஞ்ச இந்த ஊர்ல ஆளில்லை.

மம்பட்டி சாளைக்குப் பின்னால சாத்தி வெச்சிருக்குது. வடிஞ்சதும் கானை மூட மறந்துராதே.